விட்டுக்கொடுத்தவளின் முற்றம்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முதுகலை மாணவிகளுக்குப் பாடம் நடத்திய ஆண்டில், அவர்களைக் காஞ்சிபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். எழுதியவர் நடந்த தெருக்களைப் பார்த்துவிட்டுப் படித்தால் அந்த உரைநடை இன்னும் பிடிபடும் என்று நினைத்தேன். கடற்கரையை ஒட்டிய பகுதியில், விடுதியாக மாற்றப்பட்ட பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் முற்றம்வரை போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. தெருவிலிருந்து பார்த்தால் உயரமான மஞ்சள் சுவரும் கனத்த மரக்கதவும்தான். கதவைத் தாண்டியதும் தோட்டம், சுவரேறிய காகிதப்பூக் கொடி, வெள்ளைத் தூண்கள் நிற்கும் தாழ்வாரம், நடுவில் வானம். வழிகாட்டி நன்றாகவே விளக்கினார். சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு, காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சன்னல் சட்டங்கள், மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சாந்து பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை என எதையும் விடவில்லை.

நெசவுக் குடும்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "சார், இந்த வீடு யார் பேர்ல இருந்துச்சு?"

அவர் ஒரு வணிகரின் பெயரைச் சொன்னார்.

"அவருக்கு அப்புறம்?"

"வாரிசுங்க வித்துட்டாங்கம்மா."

"வாரிசுல பொண்ணுங்க இருந்தாங்களா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்?"

கேலியாக அவர் அதைச் சொல்லவில்லை. அவர் படித்த குறிப்பில் அது இல்லை, அவ்வளவுதான். வண்டியில் திரும்பி வரும்போது எனக்கு அந்தக் கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வீடுகளைப் பற்றி நாம் எழுதும் எழுத்தில், சுற்றுலாக் கையேட்டிலிருந்து ஆய்வேடுவரை, தூணுக்கும் கூரைக்கும் இடம் இருக்கிறது. பெண்ணுக்கும் இடம் இருக்கிறது, கோலம் போடுகிறவளாகவும் முற்றத்தில் வடகம் காயவைக்கிறவளாகவும். வீடு யார் பெயரில் இருந்தது, யார் பெயருக்குப் போனது, யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு மட்டும் அங்கே வரி கிடையாது. பாரம்பரியம், பரம்பரை என்னும் இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் பாரம்பரியக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிற இடம் சுற்றுலாத் துறை, பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுகிற இடம் சார்பதிவாளர் அலுவலகம். இரண்டு இடத்துக் காகிதங்களையும் ஒன்றாக வைத்துப் படிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

புதுச்சேரியின் வீடுகளை இரண்டு வகையாகச் சொல்வது வழக்கம். நகரை ஒரு வாய்க்கால் பிரித்தது. கடல் பக்கம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்டார்கள். 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியவைதான் இன்று நாம் பார்க்கும் பிரெஞ்சு வீடுகளில் பெரும்பாலானவை. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். சுவருக்கு உள்ளேதான் அதன் முகம், தோட்டம், நிழல் எல்லாம். தமிழ் வீடு தெருவைப் பார்த்து உட்காரும். தெருவோரத் தாழ்வாரம், திண்ணை, நடை, கூடம், முற்றம், பிறகு இரண்டாங்கட்டு, சமையல்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று பின்னோக்கி நீளும். காலப்போக்கில் கீழ்த்தளம் தமிழ் வீடாகவும் மேல்தளம் வளைவுச் சன்னல்களோடு பிரெஞ்சு வீடாகவும் கலந்த வீடுகளும் எழுந்தன.

இந்த விவரிப்பு சரியானது. ஆனால் தெருவிலிருந்து உள்ளே நடந்து வருகிற ஆணின் கண்ணில் பட்ட வரிசை இது. திண்ணை அவன் உட்காருமிடம். முற்றத்துக்கு அப்பால் போகப்போக விவரிப்பும் சுருங்கிவிடும். கொல்லைப்புற வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தவர்கள் யார்? துணி வெளுக்க, சாணி தட்ட, கழிவை எடுக்க வந்த பெண்களுக்கு அந்த வீட்டின் வரைபடம் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். அவர்களில் பலருக்கு முற்றம்வரை வர அனுமதியே இருந்ததில்லை. பிரெஞ்சு வீட்டிலும் அப்படித்தான். குழந்தை வளர்த்த ஆயாவும் சமையல்காரியும் பின்கட்டு மனிதர்கள். இன்று அந்த அறைகள் விடுதியின் துணி அறையாகவோ பொருள் வைக்கும் அறையாகவோ இருக்கும். அவற்றைக் காட்ட யாரும் நம்மை அழைத்துப் போவதில்லை.

இந்த வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன என்பதும் எங்கள் ஊருக்குச் சம்பந்தமான கேள்வி. புதுச்சேரியின் செல்வம் முதன்மையாகத் துணியில் இருந்தது. கொரமண்டல் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. அங்கே அது அடிமை வணிகத்திலும் பிசின் வணிகத்திலும் பணம்போலக் கைமாறியது. புதுச்சேரியிலேயே ஆள்பிடிக்கும் கூட்டம் இருந்ததை, 1743இல் பிடிபட்ட ஒரு கும்பலைப் பற்றி எழுதும்போது பிள்ளை பதிந்திருக்கிறார். துணியைத் தறியில் நெய்தது ஆண்தான் என்று எழுதுவோம். அந்தத் தறிக்கு நூல் இழைத்தும் சுற்றியும் கொடுத்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. தோட்டமும் முற்றமுமாக நிற்கும் வீட்டின் அடித்தளத்தில் அந்த வேலையும் இருக்கிறது.

பிள்ளையின் வீடு 1738இல் கட்டப்பட்டது. ரங்கப்பிள்ளை வீதியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டி இன்றும் நிற்கிறது. கீழே முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு பாணியில் சாந்துத் தூண்கள். வணிகர், பிறகு தூப்ளேயின் தலைமைத் துபாஷ். 1736 செப்டம்பரில் தொடங்கிய நாட்குறிப்பை 1761இல் இறக்கும்வரை எழுதிவந்தார். நகரம் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் இறந்தார். அந்த எழுத்து 1846இல் கண்டெடுக்கப்பட்டு, பிறகு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்கள் அதிலிருந்து கிளைத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சின் சூடு ஆறாமல் இருக்கும் நூல் அது. அதை நான் விரும்பித்தான் கற்பிக்கிறேன்.

ஆனாலும் அதைப் படிக்கும் மாணவிக்கு ஒரு விஷயம் உறுத்தும். கப்பல் வந்த நாழிகை, துணிக் கட்டின் விலை, பீரங்கி மரியாதையின் எண்ணிக்கை, யார் யாருக்குச் சால்வை போர்த்தினார்கள் என்று அணுவணுவாகப் பதிகிற எழுத்து அது. வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் பிறப்பு, கல்யாணம், நோய், சாவு ஆகிய சந்தர்ப்பங்களில்தான் அதற்குள் வருகிறார்கள். ஊர்வலத்தில் தாசிகள் வருகிறார்கள். முற்றத்தின் அந்தப் பக்கம் பகல் எப்படிக் கழிந்தது என்று நமக்குத் தெரிய வழியில்லை. பிள்ளைக்கு அதை எழுத வேண்டிய தேவையும் இல்லை. அது அவருக்கு நடந்து முடிகிற காரியம், நிகழ்ச்சி ஆகாது.

நாட்குறிப்பில் விரிவாக வரும் ஒரே பெண் என்று சொல்லத்தக்கவள் தூப்ளேயின் மனைவி ழான். பிள்ளையின் சொல்லில் மதாம். 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவள். தாய்வழியில் இந்திய, போர்த்துக்கீசிய ரத்தம் கலந்தவள். முதல் கணவன் இறந்தபின் 1741இல் தூப்ளேயை மணந்தாள். தமிழ் பேசத் தெரிந்தவள், அரசியல் கடிதப் போக்குவரத்தில் கைவைத்தவள். பிள்ளைக்கு அவளைக் கண்டாலே ஆகாது. லஞ்சம், கோள், சூழ்ச்சி எல்லாவற்றுக்கும் அவள் பெயர் வரும். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதில் அவளுக்கு இருந்த பங்கையும் பிள்ளை கசப்போடு எழுதுகிறார்.

இங்கே பெண்ணிய வாசிப்பு என்ற பெயரில் மதாமை நல்லவளாக்க எனக்கு விருப்பமில்லை. ஊராரின் கோயிலை இடிக்கத் துணை நின்ற அதிகாரம் அதிகாரம்தான், அதைப் பெண் செலுத்தினாலும். நான் கேட்பது வேறு. அந்த நகரில் லஞ்சம் வாங்கிய ஆண்கள் நிறைய இருந்தார்கள், பிள்ளையே அவர்களைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அவர்களைப் பற்றி எழுதும்போது அது அவரவர் குணமாக இருக்கிறது. மதாமைப் பற்றி எழுதும்போது, உள்ளே இருக்க வேண்டியவள் வெளியே வந்துவிட்டாள் என்ற எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த நாட்குறிப்பில் அரைவரி. வெளியே வந்தவளுக்குப் பக்கம் பக்கமாக வசை. மூன்றாவதாக ஒரு இடம் அதில் இல்லை.

அந்த மூன்றாவது இடத்தைத் தேடினால் புதுச்சேரி நமக்கு ஒரு கதையைக் காட்டும். ஆளுநர் மாளிகைக்கு எதிரே பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தின் கதை. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகள் எரிந்த அழகான மாளிகை ஒன்றைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபங்கொண்டு இடிக்கச் சொன்னாராம். அவள், நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு, இடித்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் நகருக்குள் வந்தது. அதன் நினைவாகக் கிரேக்க ரோமானியச் சாயலில் இந்த மண்டபம் எழுந்தது. புதுச்சேரி அரசின் சின்னமும் இன்று அதுதான்.

அழகான கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் மாணவிகளும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்சம் நிறுத்திப் படிக்கலாம். கோயில் என்று நினைத்தபோது வணங்கத்தக்கதாக இருந்த அதே சுவர், பெண்ணின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கத்தக்கதாகிறது. சுவர் மாறவில்லை, உடைமையாளரின் பெயர்தான் தெரியவந்தது. அவளுக்குத் தண்டனை நிச்சயமாகிவிட்டது. தன் கையாலேயே நிறைவேற்றிக்கொள்ளும் சலுகை மட்டும் அவள் கேட்டு வாங்கியது. இதைத் தியாகம் என்று அழைத்து அவளுக்கு மண்டபம் கட்டுகிறோம். கதை நடந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு நகரம் தன் சின்னமாக வைத்துக்கொள்ளும் கதை, அந்த நகரம் பெண்ணிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடும். பாரம்பரிய வீடுகளுக்குப் பேர்போன ஊரின் நினைவில், தன் பெயரில் வீடு வைத்திருந்த பெண்ணாக முன்வந்து நிற்பவள் அந்த வீட்டை இடித்தவள்.

எங்கள் காஞ்சிக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. 'மணிமேகலை' காப்பியம் வந்து முடிகிற ஊர் இது. கணிகையர் குலத்தில் பிறந்த மணிமேகலை, பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு அமுதசுரபியோடு வருகிறாள். மணிபல்லவத்தைப் போலவே இங்கும் பொய்கையும் பொழிலும் அமைகின்றன. ஒருத்தி வீட்டைத் துறந்து வருகிறாள், ஒருத்தி வீட்டை இடிக்கிறாள், இரண்டு முடிவிலும் நீர்நிலை இருக்கிறது. மணிமேகலையின் துறவு அவளே தேர்ந்துகொண்டது, ஆயியுடையது திணிக்கப்பட்டது. அந்த வேறுபாட்டை நான் அழிக்கவில்லை. ஆனால் ஊர் கும்பிடுவதற்கு இரண்டு பேரும் வீடு இல்லாதவர்களாக ஆக வேண்டியிருந்தது. வீட்டை வைத்துக்கொண்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வயதாகிச் செத்துப்போன பெண்ணுக்கு நம் மரபில் கதை குறைவு.

சொல்லிலும் இது பதிந்திருக்கிறது. மனையிலிருந்து மனைவி, இல்லிலிருந்து இல்லாள். ஆணுக்கு அப்படி மனையிலிருந்தோ இல்லிலிருந்தோ பிறந்த பெயர் புழக்கத்தில் இல்லை. இல்லான் என்றால் பொருள் இல்லாதவன். பெயரளவில் வீடே அவள்தான். பத்திரத்தில் பார்த்தால் இல்லான் என்ற சொல்தான் அவளுக்குப் பொருந்தும்.

இனி என் சொந்த ஊர்க் காகிதத்துக்கு வருகிறேன். என் அம்மா பிறந்த வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. குறுகலான முகப்பு, ரயில்பெட்டிபோல நீளம். திண்ணை, தறிக்கூடம், சின்ன முற்றம், சமையல்கட்டு, கிணறு. முற்றத்து வெளிச்சம் கூடத்தில் விழுகிற இடத்தில்தான் குழித்தறி. பட்டு நூலின் நிறபேதம் தெரிய அந்த வெளிச்சம் வேண்டும். அதனால் அந்த வீட்டில் முற்றம் அழகுக்காக விட்ட இடம் கிடையாது, அதுவும் ஒரு தொழிற்கருவி. தாத்தா நெய்வார். பாட்டி விடியலில் தெருவில் பாவு நீட்டக் கை கொடுப்பாள், பகலில் தார் சுற்றுவாள். அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறியின் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை வீசித் தருவாள். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமும் வைத்து இரண்டையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். கூலிப் புத்தகத்தில் தாத்தாவின் பெயர் மட்டும் இருந்தது. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். ஒரு சேலையின் கரையை நெய்ததில் பாதி யாருடைய கை என்று எந்தக் குறியீடும் சொல்வதில்லை.

தாத்தா 1993இல் உயில் எழுதாமல் இறந்தார். அடுத்த ஆண்டு மாமாக்கள் வந்து அம்மாவையும் பெரியம்மாவையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் தங்களுக்குள்ள பாத்தியதையை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அரசு முத்திரையோடு என் அம்மா விடுதலை என்ற சொல்லைக் கண்டது அந்தத் தாளில்தான். வரும்போது ஆளுக்கொரு பட்டுச் சேலை கிடைத்தது. அம்மாவுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை, கோர்வை. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: "கேட்டா அண்ணன் தம்பி உறவு போயிடும்டி. நாளைக்கு உனக்குத் தாய்மாமன் சீர் யாரு செய்வா?"

அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அவள் கணக்குப் போட்டுத்தான் செய்தாள். பிறந்த வீட்டு வாசல் திறந்திருப்பதற்கு அந்த வீட்டையே விலையாகக் கொடுத்தாள். புருஷன் வீட்டில் ஒன்று என்றால் போய் நிற்க ஓரிடம் வேண்டுமே என்பது அவளுடைய கவலை. அந்த இடத்தில் நிற்க அவளுக்கு உரிமை இருந்தது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சட்டமும் அப்போது அரைமனதாகத்தான் இருந்தது. 1929 பிப்ரவரியில் எங்கள் பக்கத்து ஊரான செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாடு சட்டத் திருத்தம் மகளையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. ஆனால் அதற்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. அம்மா 1974இல் மணமானவள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் வாரிசுகளில் அவளும் ஒருத்தி. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு வேறொன்றும் சொன்னது. குடும்பத்தார் முழுவதுமாகக் குடியிருக்கும் வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. அங்கே குடியிருக்கும் உரிமையும் மணமாகாத, கைவிடப்பட்ட, பிரிந்து வந்த, விதவையான மகளுக்கு மட்டுமே. நிலத்தில் கேட்கலாம், பணத்தில் கேட்கலாம், வீட்டில் காத்திருக்க வேண்டும். வாழ்வு முறிந்தால்தான் மகளுக்கு வீட்டில் இடம் என்று எழுதிய அந்தப் பிரிவு நீங்கியது 2005இல். மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல்.

கடல் பக்கத்து மஞ்சள் வீட்டின் சட்டம் வேறாக இருந்தது. 1881ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, புதுச்சேரித் தமிழர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். அப்படித் துறந்தவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். அவர்கள் குடும்பங்களில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் அவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. இதைக் கேட்டதும், அப்போ அவங்க வீடுதான் நல்ல வீடா என்று ஒரு மாணவி கேட்டாள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே பிரெஞ்சுச் சட்டம், மணமான பெண்ணைக் கணவனின் அனுமதியில்லாமல் சொத்தை விற்க முடியாதவளாக வைத்திருந்தது. பிரான்சில் மனைவியின் சட்டத் தகுதியின்மை நீங்கியது 1938இல். தன் சொத்தைத் தானே நிர்வகிக்கும் முழு உரிமை அவளுக்கு வந்தது 1965இல். தமிழ் வீட்டில் மகளுக்குக் கதவு அடைபட்டது, பிரெஞ்சு வீட்டில் மனைவிக்கு. முற்றத்தில் விழுந்த வெளிச்சம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

பழைய வீடுகளைக் காப்பாற்றுவதற்கு நான் எதிரி இல்லை. 2014 நவம்பரில் புதுச்சேரியின் பழைய நகரசபைக் கட்டடம் மழையில் இடிந்து விழுந்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகளை மீட்டெடுத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது நியாயமே. எங்கள் ஊரில் அப்படியொரு தெருவைக் காப்பாற்றியிருந்தால் அம்மா பிறந்த வீடு இன்றும் நின்றிருக்கும். மாமாக்கள் அதை விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. தூண்களைப் பழைய வீட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் முன்னமே கொண்டுபோய்விட்டார்கள். ஏதோவொரு பாரம்பரிய விடுதியின் தாழ்வாரத்தில் அவை மெருகேறி நிற்கலாம். முகப்பை மீட்கும்போது அந்த முகப்புக்குப் பின்னால் நடந்த பாகப்பிரிவினையையும் எழுதுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. கட்டிய ஆண்டும் கட்டியவர் பெயரும் பொறித்த பலகையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கும்.

சுற்றுலா முடிந்த வாரம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். அவரவர் குடியிருக்கும் வீட்டுக்கோ அம்மா பிறந்த வீட்டுக்கோ பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து வாருங்கள், அதை ஒரு பிரதியாக வைத்துப் படிப்போம் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு படித்தார்கள். வில்லங்கச் சான்றில் இரண்டு பத்திகள் உண்டு, எழுதிக்கொடுத்தவர் என்று ஒன்று, எழுதிப்பெற்றவர் என்று ஒன்று. எங்கள் வகுப்புக்கு வந்த விடுதலைப் பத்திரப் பதிவுகளில் பெண்கள் பெரும்பாலும் முதல் பத்தியில் இருந்தார்கள். தமிழில் பெண் எழுத்து எப்போது தொடங்கியது என்று பல ஆண்டுகளாகக் கற்பித்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் இத்தனை பேர் எழுதிக்கொடுத்தவர்கள் என்று பதிவாகியிருப்பதை அதுவரை நான் படித்ததில்லை.

புதுச்சேரியில் கேள்வி கேட்ட அந்த மாணவி கடைசியாக வந்தாள். கையில் ஒரு தாள். அவளுடைய பாட்டியின் பெயர் அதில் இருந்தது, அம்மாவைப் பெற்றவள். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம். பிரெஞ்சு வீட்டுப் பின்கட்டில் குழந்தை வளர்த்தவளுக்கும் அதே சொல்தான். "ஆயா பேரு முழுசா எனக்கு இப்பதாம்மா தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, அவள் மாமாக்கள் அடுத்த மாதம் அவளுடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்க வருவதாகச் சொன்னாள். "அம்மாகிட்ட என்னம்மா சொல்லட்டும்?"

கையெழுத்துப் போடாதே என்று சொல்லச் சொல் என்று நான் சொல்லவில்லை. அதன் விலையை என் அம்மா எனக்குக் காட்டியிருக்கிறாள். பத்திரத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படியுங்கள், பங்கின் மதிப்பு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குப் பிறகு அம்மா முடிவு செய்யட்டும் என்றேன். சரி என்று தலையாட்டினாள். தாளை நான்காக மடித்து, நாட்குறிப்புப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு போனாள்.